எத்திராஜ் நடிக்கவில்லை

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஈசிஜி பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. மரியாதை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் மறந்துவிட்டார்கள் என்பதே உண்மையாக இருக்கும். போன மாதம் அங்கே புது மிஷின் வந்திருக்கிறது. காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு நடுவே ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மிஷினே க்யூடி அளந்து நம்பர் போட்டுக் குடுக்குது. அப்புறம் இன்னாத்துக்கு மறுபடியும் கையால அளக்கச் சொல்றாங்க?" கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கைபேசியில் அடிக்க அடிக்க அது நீண்டுகொண்டே போனது. முடிக்கும்போது பார்த்தால் அதில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், ஒரு மீன் வறுவல் கடை, ஒரு கல்யாண மண்டபம் எல்லாம் வந்துவிட்டன. இதைக் குழுவில் போட்டால் அன்றைக்கே என்னை எடுத்துவிடுவார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். மிஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. அப்பா மதுராந்தகம் பக்கம் வயல்கூலியாக இருந்து, பிறகு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலைக்கு வந்தவர். அதனால்தான் எங்கள் குடும்பம் செங்கல்பட்டுக்கு வந்தது. ஈசிஜி டெக்னீஷியன் படிப்பைச் சென்னையில் படித்தேன். தினமும் மின்சார ரயில். போகும்போது படித்ததை வரும்போது மறந்து, ஒரு வழியாகத் தேறினேன். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. இந்தக் கிளிப் வரிசையைத் தவிர மற்றதெல்லாம் வேலையில் கற்றதுதான்.

அந்த வேலை கிடைத்தது செங்கல்பட்டில் ஒரு தனியார் இதய மருத்துவமனையில். பெயர் வேண்டாம். அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் மீனலோசனி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். குரல் என்று ஒன்று இருந்தால்! அவர் பேசினால் உதடு அசையும், அவ்வளவுதான் தெரியும். மேசைக்கு எதிரே உட்காரும் நோயாளிகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து, கடைசியில் அவருடைய ஸ்டெதஸ்கோப்பில் நெற்றி இடிக்கும் அளவுக்கு வந்துவிடுவார்கள். என்னை 'ஜெசிந்தா' என்று கூப்பிடுவார். எனக்கு 'சிந்தா' மட்டும்தான் வந்து சேரும். முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள், அவர் சொல்வதைக் கேட்டு நோயாளிக்குத் திருப்பிச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. "மேடம் உப்பைக் குறைக்கச் சொல்றாங்க." "மேடம் நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்றாங்க." இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார், ஏற்ற இறக்கம் இருக்காது. எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்பது என் பொறுப்பு.

அவர் வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதேதான். அதிலிருக்கும் இரண்டு முள் கொண்ட டிவைடரை எடுத்துத்தான் க்யூடி அளப்பார்.

க்யூடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதும் மின்சாரத்தால். ஒரு துடிப்பு முடிந்ததும் தசை மறுபடி சார்ஜ் ஏறி அடுத்ததற்குத் தயாராக வேண்டும். மின்சாரம் கீழறைகளில் பாயத் தொடங்குவதிலிருந்து, தசை தன் நிலைக்குத் திரும்பி முடிக்கும் வரை ஆகும் நேரம்தான் க்யூடி. ஈசிஜி தாளில் அது கூரான மலை ஒன்றின் அடிவாரத்தில் தொடங்கி, பின்னால் வரும் உருண்டையான ட்டி அலை இறங்கித் தரையைத் தொடும் இடத்தில் முடியும். இந்த நேரம் அளவுக்கு மேல் நீண்டுபோன சிலருக்கு, தயாராகி முடிவதற்குள் ஒரு தப்பான துடிப்பு வந்து விழுந்தால் தாளம் மொத்தமும் குலைந்துவிடும். ஆள் பொத்தென்று விழுவார். சிலர் எழுவார்கள். சிலர் எழ மாட்டார்கள்.

மலை எங்கே தொடங்குகிறது என்று குழந்தைகூடக் காட்டிவிடும். ட்டி அலை எங்கே முடிகிறது என்பதில்தான் சண்டையே. சிலருக்கு அது ஒழுங்காக இறங்கும். சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும். சிலருக்குப் பின்னாலேயே இன்னொரு குட்டி அலை வந்து ஒட்டிக்கொள்ளும். டாக்டர் அலையின் சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் அளவுகோலை வைத்து, பென்சிலால் ஒரு கோடு கீழே இழுப்பார். அது தரைக்கோட்டை வெட்டும் இடம்தான் முடிவு. பிறகு நாடித்துடிப்பின் வேகத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டுச் சரிசெய்வார். வேகமாகத் துடிக்கும் இதயத்துக்கும் நிதானமான இதயத்துக்கும் ஒரே அளவு செல்லாது. அதன் பிறகு தாளை என் பக்கம் தள்ளி, தன் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, என்னையும் அளக்கச் சொல்வார். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி காப்பியடிக்காமல் மறைப்பது போலவே இருக்கும். இருவர் விடையும் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் மறுபடி.

இத்தனைக்கும் முதலில் படம் சுத்தமாக வர வேண்டும். அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மார்பு முடி. ஒரு தடவை உள்ளூர் விவசாயி ஒருவர் வந்தார். மார்பில் ரப்பர் உறிஞ்சிகளை வைக்க இடமே இல்லை. வைக்க வைக்கக் கழன்று தரையில் உருண்டன. சவரம் செய்துகொள்ளச் சொன்னேன்.

"அதெல்லாம் ஆவாதும்மா. இது சாமிக்கு நேந்துகினு விட்டது" என்றார்.

"அது தலைமுடிதானே?"

"நேந்துக்கும்போது நான் இன்னா பிரிச்சா சொன்னேன்? மொத்தமாத்தான் சொன்னேன்."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் உதட்டை அசைத்தார். "வகிடு எடுங்க." சீப்பைத் தண்ணீரில் நனைத்து, அந்த மனிதரின் மார்பில் ஆறு இடத்தில் வகிடு எடுத்து, ஜெல் தடவி, படம் எடுத்தேன். அருமையான படம். போகும்போது அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்று சட்டைப் பொத்தானைப் போட்டார்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒருநாள் காலை கஸ்தூரி வந்தாள்.

வந்தாள் என்பதை முதலில் காதால்தான் தெரிந்துகொண்டோம். வாசலில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் அவள் பேசியது, பின்கட்டில் இருந்த எங்கள் அறைக்குத் தெளிவாகக் கேட்டது. நெம்மேலிப் பக்கத்து ஊர். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுவல் கடை. அலைச் சத்தத்தையும் பக்கத்துக் கடைக்காரிகளையும் மீறி "வஞ்சிரம், சங்கரா, எறா" என்று கூவிக்கூவி ஏறிய தொண்டை. பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அவள் புருஷன் எத்திராஜ். கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஆள் நல்ல உயரம், நல்ல மீசை, ஆனால் அன்றைக்கு ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் போல நின்றார்.

கஸ்தூரி டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் வழக்கைத் தொடங்கினாள்.

"மேடம், இந்தாளு நடிக்கிறாரு. நான் வாயத் தொறந்தா போதும், மயக்கம் போட்டு வுழுந்துடறாரு. போன மாசம், சிலிண்டர் இன்னாத்துக்கு புக் பண்ணலன்னு ஒரு வார்த்த கேட்டேன். பொத்துனு வுழுந்தாரு. அப்பால ஒரு நாளு காலைல அலாரம் அடிக்குது, எழுந்து சவாரிக்குப் போறதுக்கு சோம்பேறித்தனம், வுழுந்துட்டாரு. கட்டில்லயே. குக்கர் விசிலடிச்சா வுழுவுறாரு. வலிப்புன்னு ஒருத்தரு மாத்திர குடுத்தாரு, தலைல ஸ்கேன் எடுத்தாங்க, அல்லாம் நார்மல். நார்மல்னா நடிப்புதான? ஆட்டோ ஸ்டாண்டுல அத்தினி பேரும் என்னைப் பாத்து சிரிக்கிறானுங்க, பொண்டாட்டி சத்தம் போட்டா புருஷன் மயக்கம் போடறான்னு. எனக்கு மானம் போவுது. மிஷின்ல போட்டு, நடிக்கிறாருன்னு எழுதிக் குடுங்க. ஸ்டாண்டுல ஒட்டறேன்."

டாக்டர் என்னவோ சொன்னார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "படம் எடுக்கச் சொல்றாங்க" என்றேன்.

எத்திராஜை உள்ளே அழைத்துப் படுக்க வைத்துத் திரையை இழுத்தேன். கிளிப்புகளை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், நான் சத்தியமா நடிக்கல. ஆனா மிஷின் ஒருவேள நடிப்புன்னு சொல்லிடுச்சின்னா, அவளாண்ட சொல்லிடாதீங்க."

"மிஷின் அதெல்லாம் சொல்லாது, அண்ணாத்த. மூச்சை இழுத்து விட்டுட்டு அமைதியாப் படுங்க."

தாள் வந்தது. மேலே மிஷின் அடித்திருந்த எண்களில் க்யூடி சரியான எல்லைக்குள் இருந்தது. ஆனால் ட்டி அலையைப் பார்த்தேன். உயரமே இல்லாமல் சப்பையாக இருந்தது, நடுவில் ஒரு பள்ளம், ஒட்டகத்தின் இரண்டு திமில் போல. மிஷின் முதல் திமிலோடு கணக்கை முடித்திருக்கிறது என்று தோன்றியது. தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவர் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்துவிட்டார்.

முதல் முள்ளை மலையடிவாரத்தில் வைத்தார். இரண்டாவது முள் முதல் திமிலைத் தாண்டியது, பள்ளத்தைத் தாண்டியது, இரண்டாவது திமிலின் சரிவில் இறங்கியது. கோடு இழுத்தார். கணக்குப் போட்டார். விடையை மறைத்துக்கொண்டு தாளை என்னிடம் தள்ளினார். நான் அளந்தேன். கையை எடுத்தார். இரண்டும் ஒன்றே. அடுத்த துடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்புதான் இதயம் தயாராகி முடித்திருந்தது. அவ்வளவு நீளத்தை நான் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

டாக்டர் எழுந்து உள்ளே வந்து கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வழக்கத்தைவிடவும் மெதுவாகப் பேசினார். என் வழியாகத்தான் கேள்விகள் போயின.

"வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களான்னு கேக்கறாங்க."

எத்திராஜ் கூரையைப் பார்த்தார். "எங்கக்கா. ஆடித் திருவிழால அதிர்வேட்டு போட்டாங்க. பக்கத்துல நின்னுகினு இருந்துச்சி. அப்படியே சாஞ்சிடுச்சி. பயந்து செத்துடுச்சின்னு சொன்னாங்க."

"இப்ப ஏதாவது உடம்பு சரியில்லாம இருந்துதா?"

"ரெண்டு மூணு நாளா வயித்தால போவுது. எதயோ துன்னுட்டேன். அவளாண்ட சொல்லல. அவ கடை மீனுன்னு சொன்னா கத்துவா."

வயிற்றுப்போக்கில் உடம்பின் பொட்டாசியம் இறங்கிவிடும், அது இறங்கினால் க்யூடி இன்னும் நீளும். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, கிளிப்புகளைக் கழற்றாமல் அப்படியே நீளமான படம் ஒன்று ஓட விடச் சொன்னார் டாக்டர். பிறகு கஸ்தூரியைக் கூப்பிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்திச் சொன்னார்.

கஸ்தூரி காதை நீட்டினாள். "இன்னா மேடம் சொல்றீங்க? ஒண்ணும் கேக்கலயே. சிஸ்டர், இன்னா சொல்றாங்க?"

"உங்க வீட்டுக்காரர் நடிக்கலையாம். இதயத்துல கோளாறு இருக்காம். ஆபத்தானதாம்."

"இன்னாது!"

அந்த ஒரு வார்த்தையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நொடி மிஷினின் ஊசி பைத்தியம் பிடித்தது போல ஆடியது. திரையை விலக்கினேன். எத்திராஜின் கண்கள் மேலே செருகியிருந்தன. தாளில் அலைகள் பெருத்து, சிறுத்து, மறுபடி பெருத்து, யாரோ ரிப்பனைப் பிடித்துத் திருகியது போல வந்துகொண்டிருந்தன. அப்படி ஒன்றை என் கண்ணால் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

அப்போது ஒரு அலறல் கேட்டது. "ஷாக் மிஷின் எடு! ஜெசிந்தா, நெஞ்சை அழுத்து!"

யார் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயர் முழுதாக வந்ததால் டாக்டராக இருக்காது என்றே நினைத்தேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஓடி வந்தார்களாம். நான் கட்டில் மேல் ஏறி அழுத்தத் தொடங்கினேன். கஸ்தூரி வலிப்புக்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் சாவிக்கொத்தைப் புருஷன் கையில் திணித்தாள். அவளை யாரோ இழுத்துப் பின்னால் தள்ளினார்கள். சாவிக்கொத்து கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. டாக்டர் எல்லாரையும் விலகச் சொல்லி ஷாக் கொடுத்தார். எத்திராஜின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி விழுந்தது. தாளில் தரைக்கோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மலை. இன்னொரு மலை. பின்னாலேயே அந்த இரட்டைத் திமில்.

எத்திராஜ் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டிக் கஸ்தூரியைப் பார்த்தார். "சிலிண்டரு புக் பண்ணிட்டேன்" என்றார்.

கஸ்தூரி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த அறையில் அன்றைக்கு டாக்டரும் அவளும் குரலை மாற்றிக்கொண்டது போல இருந்தது.

மருந்து ஏற்றி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, வார்டில் மானிட்டர் போட்டுப் படுக்க வைத்தோம். தாளம் குலைந்தால் தானே ஷாக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தோளுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அரசு காப்பீட்டில் அது கிடைத்தது. ஆனால் அதற்கு முன், ஏன் இப்படி ஆகிறது என்று டாக்டர் விளக்க முயன்றார். நான் திருப்பிச் சொல்ல முயன்றேன். இருவரும் தடுமாறியதைப் பார்த்து எத்திராஜே உதவிக்கு வந்தார்.

"அதான் மேடம், கிளட்ச்ச முழுசா மிதிக்கறதுக்கு முன்னாடி எவனாவது கியரைப் போட்டா கடக்குனு சத்தம் வந்து வண்டி நின்னுடும்ல. என் கிளட்ச் ஸ்லோவு. இவ கத்தறது கியரு."

டாக்டர் பேனாவை எடுத்துக் கையில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் அந்தக் கிளட்ச்சைத்தான் சொன்னார், எத்திராஜ் சொன்னது என்ற பெயரோடு.

கஸ்தூரிக்கு இட்ட உத்தரவுகள்தான் கடினம். வீட்டில் அலாரம் கூடாது. போன் சைலண்டில் இருக்க வேண்டும். குக்கருக்குப் பதில் சாதாரணப் பாத்திரம். தூங்குகிறவரைச் சத்தம் போட்டு எழுப்பக் கூடாது, காலைத் தொட்டு மெதுவாக எழுப்ப வேண்டும்.

"அப்போ நான் எப்டித்தான் பேசறது?"

"மேடம் மாதிரிப் பேசச் சொல்றாங்க."

"மேடம் பேசறது எனக்கே கேக்கல. என் புருஷனுக்கு எப்டி கேக்கும்?"

ஆனாலும் பழகினாள். வார்டில் உட்கார்ந்து ரகசியம் பேசிப் பார்ப்பாள். அந்த ரகசியம் லிஃப்ட் வரை கேட்கும். நர்ஸுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக லிஃப்டிலிருந்து வார்டு வாசலுக்கு, வாசலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அவள் குரல் இறங்கி வந்தது.

கருவி வைத்தவர் ஆட்கள் ஏற்றும் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது மட்டும் எத்திராஜ் அழுதார். ஷேர் ஆட்டோதான் அவர் சோறு. டிஸ்சார்ஜ் நாளில் கஸ்தூரி எழுந்து நின்று, அவளுக்குக் கைவந்திருந்த புதுக் குரலில் சொன்னாள்: "அழுவாத. நீ வஞ்சிரம் வறு. நான் வண்டி ஓட்டறேன்."

எல்லாரும் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். அவள் லைசென்ஸ் எடுத்து ஓட்டியே விட்டாள். "கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம்!" என்று கேளம்பாக்கம் சந்திப்பில் அவள் கூவினால் எதிர்ச்சாரியில் போகிறவர்கள்கூட நின்று, தாங்கள் எங்கே போக வேண்டும் என்று யோசிப்பார்களாம். நாளெல்லாம் ரோட்டில் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பிருக்காது. எத்திராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. கடையிலும் கூவாமல் வியாபாரம் செய்யும் ஒரே ஆள் என்று டூரிஸ்டுகள் அவரிடம்தான் போனார்கள்.

ஆனால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. இது பரம்பரையாக வருவது. அவர்களுடைய மகள் அபிக்கு ஈசிஜி எடுக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அபி அப்போது மூன்றாம் வகுப்பு. கஸ்தூரி அழைத்து வரவே இல்லை. மறுபரிசோதனைக்கு எத்திராஜ் வரும்போதெல்லாம் கேட்பேன். அவர் மனைவியைப் பார்ப்பார். அவள், "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவ எங்க வூட்டு சாடை. அவ மூஞ்சப் பாத்தாலே தெரியும்" என்பாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். டாக்டர் போகச் சொல்லவில்லை. போகிறேன் என்று சொன்னதும் வயிற்றுக்கு எதுவும் ஆகாமல் வா என்று மட்டும் சொன்னார். எத்திராஜ் சங்கரா வறுத்துத் தட்டில் வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். அபி மணலில் சாக்கு விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அன்று சவாரிக்குப் போகவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நான் பேச்சை எடுத்தேன். "சிஸ்டர், மீன் துன்ன வந்தீங்களா, எம் பொண்ணப் படுக்க வைக்க வந்தீங்களா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பலூன் சுடும் கடை. யாரோ ஒருவன் முதல் குண்டிலேயே பலூனை உடைத்தான். டப்பென்று சத்தம். அவன் நண்பர்கள் கை தட்டினார்கள். நான் அபியைப் பார்த்தேன். பென்சில் அவள் கையிலிருந்து நழுவியது. முகம் வெளுத்து, சாக்கின் மேல் மெல்லச் சாய்ந்தாள். நான் ஓடி அவள் கழுத்தில் விரல் வைப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"தல சுத்துச்சிம்மா. இப்போ சரியாப் போச்சி."

கஸ்தூரி சாக்கிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் அடுக்கினாள். எத்திராஜ் அடுப்பை அணைத்தார். அப்போதே அவள் வண்டியில் எல்லாரும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். வழி நெடுக அவள் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. அந்த ரோட்டில் ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அபியின் படத்தை டாக்டரும் நானும் தனித்தனியாக அளந்தோம். எங்கள் விடைகள் ஒத்துப்போகும்போது எனக்குள் ஒரு சின்னப் பெருமை வரும். அன்று வரவில்லை. அப்பா அளவுக்கு நீளம் இல்லை, ஆனால் நீளம்தான். தினமும் மாத்திரை, சில மருந்துகளைத் தொடவே கூடாது என்ற பட்டியல், நீச்சலும் ஓட்டப்பந்தயமும் கூடாது. பிறகு பள்ளிக்கூட மணி. அபியின் வகுப்பறை வாசலிலேயே அந்தத் தண்டவாளத் துண்டு தொங்கியது. கஸ்தூரி போய்த் தலைமையாசிரியரிடம் பேசினாள். அவர் மணியை இடம் மாற்றச் சம்மதித்ததோடு, "அம்மா, இன்னும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, இந்த மணியே பரவாயில்ல" என்றாராம்.

அபி மாத்திரையோடு வளர்ந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், படம் எடுப்பேன், டாக்டர் அளப்பார், நான் அளப்பேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மயங்கி விழவில்லை. கணக்குப் படித்தாள். கேளம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே மொபைல் கடை வைத்திருக்கும் பிரவீன் என்ற பையனைப் பிடித்துப்போய், முதலில் அவனை டாக்டரிடம் அழைத்து வந்தாள். டாக்டர் அவனுக்குத் தாளில் படம் போட்டு, பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு உண்டு என்பது வரை எல்லாம் சொன்னார். அவன் முன்னால் சாய்ந்து சாய்ந்து கேட்டுவிட்டு, "சரி மேடம், நான் கடைல ரிங்டோன் வெச்சிக் காட்டறத வெளிய போய் வெச்சிக்கறேன்" என்றான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்த கல்யாணம் அது. டாக்டரும் வந்திருந்தார். தானாக ஷாக் கொடுக்கும் பெட்டி அவர் காரில் இருப்பதாகவும், முகூர்த்தத்துக்கு முன் அதை எடுத்து வந்து என் நாற்காலிக்கடியில் வைக்கும்படியும் சொன்னார். மூன்று முறை சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

பிரச்சினை கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்தில் மேளக்காரர்கள் திடீரென்று உச்சத்தில் அடிப்பார்களே, அது கூடாது என்று கஸ்தூரி முன்பே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை. மண்டபத்திலும் விடவில்லை. "கெட்டிமேளம் இல்லாம ஒரு கல்யாணமா? கேட்டவன் சிரிக்க மாட்டான்?"

கஸ்தூரி அவர் பக்கத்தில் போய், ரகசியம் என்று அவள் நம்பிய குரலில் சொன்னாள்: "சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போவட்டும், அண்ணாத்த. எம் பொண்ணு தாலி கட்டிக்கினு எழுந்து நடந்து வரணும்." மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. வாசலில் பிரவீன் ஒரு கூடையோடு நின்று வருகிறவர்களின் போனையெல்லாம் வாங்கித் தானே சைலண்டில் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். தொழில் அது என்பதால் வேகமாகவே நடந்தது.

முகூர்த்த நேரம். கஸ்தூரி மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தாழ்த்திப் பிடித்தாள். நாதஸ்வரம் இழையாக வந்தது, தவில்காரர் விரல் நுனியால் தொட்டார், பிறகு அதுவும் நின்றது. அவ்வளவு பேர் கூடிய மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எத்திராஜ் மகளின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். பிரவீன் தாலியை எடுத்தான். முதல் முடிச்சு.

அந்த நேரத்தில் பெரிய மாமாவின் பையிலிருந்து போன் அலறியது. அதுவும் சாதாரண அலறல் இல்லை, உறுமி மேளமும் விசிலும் சேர்ந்த ஒரு குத்து. அவர் கூடையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருந்திருக்கிறார். டாக்டர் எழுந்துவிட்டார். நான் நாற்காலிக்கடியில் கையை விட்டேன். கஸ்தூரி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரவீன் தாலிக்கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு அபியின் முகத்தைப் பார்த்தான். பெரிய மாமா பையிலிருந்து போனை எடுக்கப் பார்க்கிறார், அது வேட்டியில் சிக்கிக்கொண்டு இன்னும் சத்தமாக அடிக்கிறது.

அபி தலையை நிமிர்த்தினாள். மாலைக்குள் இருந்து மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடுத்துப் பேசுங்க மாமா," என்றாள். "ஏதாவது முக்கியமா இருக்கப்போவுது."